டிரம் வேகத்தைக் கூட்டாதே

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி குறைந்தபாடில்லை, சொன்னால் நீ பத்துத் தைலம் சொல்லுவாய், விடு.

உன் உரம் சலிக்கும் சுழல் சல்லடைக்கு (சுவரெல்லாம் கண் வைத்த, சாய்வாகச் சுற்றும் டிரம்முக்கு) வருகிறேன். நல்ல உரமும் கழிவோடு சேர்ந்து கடைசி வாய் வழியாகப் போய்விடுகிறது, வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கூட்டாதே. 42.3-ஐ டிரம்மின் விட்டத்துடைய (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்துப் பார், உன் 1.5 மீட்டர் டிரம்முக்கு நிமிடத்துக்குச் சுமார் 34 சுற்று வரும். அந்த வேகத்தில் சரக்கு சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றுமே தவிர சலிபடாது. அதில் 35 முதல் 45 சதவீதம் வரைதான் வழக்கமாக ஓட்டுவார்கள், அதாவது உனக்கு 12 முதல் 15 சுற்று. சரக்கு கொஞ்சம் மேலே ஏறிச் சரிந்து புரள வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஈரத்தின் மேல்தான் சந்தேகம். கடைசி வாயில் விழும் குவியலில் கோலிக்குண்டு மாதிரி உருண்டைகள் கிடக்கின்றனவா பார். ஈரமான பொடி டிரம்முக்குள் புரளப் புரளத் தானாகவே உருண்டையாகிவிடும் (உரம், தாது எல்லாவற்றையும் குருணையாக்கும் டிரம்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் ஓடுகின்றன). ஒன்றை விரலால் நசுக்கு. உள்ளே முழுக்கப் பொடி என்றால் சல்லடைமேல் குற்றமில்லை, சலிக்கும் முன் உரக் குவியலைக் கிளறி இன்னும் காயவிடு. உருண்டையே இல்லாமல் பொடி தனியாகவே வருகிறது என்றால் ஒரேயடியாக நிறையக் கொட்டுகிறாய், அல்லது டிரம்மின் சாய்வு அதிகம். சாய்வைக் குறைத்தால் சரக்கு உள்ளே கூடுதல் நேரம் தங்கும். வெளியே மேல்பக்கத்தில் உள்ள பிரஷ் தேய்ந்திருந்தால் சல்லடைக் கண்களும் அடைத்துக்கொள்ளும், அதையும் பார்த்துவிடு.

சலித்த உரத்தில் குச்சி வருகிறது என்ற உன் புகாருக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. நீளக் குச்சி புரளும்போது செங்குத்தாக நின்று நுழைந்துவிடும், சல்லடைக் கண்ணுக்குத் தெரிவது அதன் தடிமன்தானே.

அதிர்வுச் சல்லடைக்கு மாறச் சொல்கிறார்களாமே? டிரம்மில் எந்த நேரத்திலும் அடிப்பக்கம் மட்டும்தான் வேலை செய்கிறது, அதனால் அதே அளவு சலிக்க இயந்திரம் பெரிதாக வேண்டும், இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நார், கட்டி, ஈரம் கலந்த உன் சரக்குக்கு இந்தப் புரட்டல்தான் தோது. இப்போதைக்குக் காசை முடக்காதே. உருண்டையை உடைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேகர்