வரியே கட்ட வேண்டாதவரிடம் பிடித்த 16,000 ரூபாய்

மாண்புமிகு தமிழ்நாடு நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழைக் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கை இலவசமாகத் தாக்கல் செய்துகொடுக்கவும், பண விவகாரங்களில் வழிகாட்டவும், ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் பயிற்சி பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த நிதி ஒதுக்குங்கள். இதைக் கேட்கவே இந்த மடல்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகள் வேலைபார்த்த பெண் ஒருவர் பிரசவத்துக்காக வேலையை விட்டார். பி.எஃப். கணக்கில் 80,000 ரூபாய் இருந்தது. கைக்கு வந்தது 64,000. மீதி எங்கே என்று கம்பெனி சூப்பர்வைசரிடம் சண்டை போட்டார். விண்ணப்பித்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரரைத் திருடன் என்றார். இருவரும் எடுக்கவில்லை. ஐந்து ஆண்டு முடியுமுன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் எண் செல்லாது என்றால் 20 சதவீதம். ஆதாருடன் இணைக்காததால் அவருடைய பான் 2023 ஜூலையிலேயே செயலிழந்திருந்தது.

ஏன் இணைக்கவில்லை? ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை இனிஷியல். பான் அட்டையில் அந்த இடத்தில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் வேறு ஆள் என்கிறது கணினி. நம் ஊரில் எத்தனை வீடுகளில் இந்தச் சிக்கல் இருக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பெயரைத் திருத்தி, 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்தி, தொலைந்த சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும் ஓ.டி.பி.யைப் புது எண்ணுக்கு மாற்றி, டிசம்பர் 31-க்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அந்த 16,000 ரூபாயும் திரும்ப வந்திருக்கும். பி.எஃப். பணத்தைச் சேர்த்தாலும் அவருடைய ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தை எட்டாது. ஒரு ரூபாய் வரிகூட அவர் கட்ட வேண்டியதில்லை. இதைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. கெடு கடந்த பிறகே விவரம் தெரிந்தது. இப்போது தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனுப் போட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு காத்திருக்கிறார்.

வருமான வரி மத்திய அரசின் துறை என்று பதில் வரக்கூடும். பணத்தை இழப்பது இந்த மாநிலத்துக் குடும்பம் அல்லவா? 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகையின் முதல் ஆயிரம் ரூபாயைக் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டபோது, வங்கி மத்திய அரசின் பொறுப்பு என்று தமிழக அரசு ஒதுங்கவில்லை; கண்டித்தது. அந்த அக்கறையைத்தான் இங்கும் கேட்கிறோம்.

அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஆருத்ரா நிறுவனத்தின் மோசடி விவகாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணத்தைக் கொட்டிவிட்டு நின்றார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசாதவர் இல்லை. நகையை அடகு வைக்குமுன் இது சரியா என்று கேட்க, கமிஷன் வாங்காத ஒரு மனிதரை எந்த ஊரில் உட்கார வைத்திருந்தோம்? பணம் போன பிறகு புகார் வாங்க மட்டும் காவல் துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆண்டுக்கொரு நிதிக்கல்வி வாரம், ஒரு பேனர், ஒரு மேடைப்பேச்சு ஆகியவற்றால் யாருடைய பாஸ்புக்கும் சரியாகிவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் படித்து, படிவத்தை நிரப்பித் தர ஆள் வேண்டும்.

ஆத்திரத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உரிமைத்தொகைக்கு ரேஷன் கடை வாரியாக முகாம் நடத்தி, தன்னார்வலர்களைக் கொண்டு விண்ணப்பங்களைப் பதிவுசெய்த நிர்வாகம் இது. இதையும் செய்ய முடியும். 388 ஒன்றியங்களிலும் ஒரே ஆண்டில் இயலாதென்றால், திருப்பூர், ஆம்பூர் போன்று தொழிலாளர் பெண்கள் நிறைந்த ஊர்களில் தொடங்குங்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் ஒரு மேசை போதும். ஜூன் முதல் கணக்குத் தாக்கலின் டிசம்பர் கெடு வரையாவது அங்கே ஒருவர் அமர்ந்திருக்க, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே நிதி ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர்த் தொழிலாளர் குடும்பங்களில் ஒருவர்