மகமைப் பணத்தைச் சுழல விடுவது பற்றி

காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பா,

கடிதம் கிடைத்தது. ஆச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இங்கே இரண்டு நாள் கோடை மழை பெய்து ஊருணியில் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்கிறது.

பங்காளிகள் அறக் காரியத்துக்கென்று சேர்த்த 50 லட்சம் மகமைப் பணத்தைத் தானமாகக் கொடுத்து முடிக்காமல், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கும் கண்டாங்கிச் சேலைத் தறிகளுக்கும் கொடுத்து வாங்கிச் சுழல விடலாமா என்று கேட்டிருந்தாய். விடலாம். ஆனால் அதை ஒரே பணமாக நினைக்காதே. நம் பெரியவர்கள் பேரேட்டில் நடப்பு (கேட்டபோது திரும்புவது), தவணை (குறித்த நாளில் திரும்புவது), மகமை (திரும்பாதது) என்று தனித்தனியே பற்று எழுதினார்கள். எது எப்போது திரும்பும், எது திரும்பாது என்பது கொடுக்கும் முன்பே தெரிந்திருந்தது. 2007இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கூட்டத்தில் ‘இம்பேக்ட் இன்வெஸ்டிங்’ என்று பெயர் வைத்ததற்கும் இதுதான் அடிப்படை. பணம் திரும்ப வேண்டும், கூடவே ஊருக்கும் ஒரு பலன் அளந்து காட்டும்படி இருக்க வேண்டும்.

முதலில் ஆத்தங்குடி. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது, பெரிய எந்திரமும் கிடையாது. ஆகவே பணம் முடங்குவது சிமெண்டிலும் மணலிலும் கூலியிலும், விற்றபின் வர வேண்டிய பாக்கியிலும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார். 4 லட்ச ரூபாய் ஆர்டர், 30% முன்பணம் 1,20,000. சரக்கு கிளம்பும் முன் செலவு 2,80,000 என்றால் இடைவெளி 1,60,000. செய்ய 40 நாள், சரக்கு போனபின் பாக்கி வர 60 நாள், ஆக 100 நாள். இந்தப் பணத்தை மாதம் மூணு வட்டிக்கு வெளியில் வாங்கினால் ஏறத்தாழ 15,800 ரூபாய் போகும். ஆண்டுக்கு 12% என்றால் 5,300க்குள் முடியும். மிச்சமாகும் 10,500 பட்டறைக்காரரின் கையில் நிற்கும்.

ஆனால் இதே பட்டறைக்கு 36 மாதத் தவணைக் கடன் கொடுத்தால் உருப்படாது. அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும், வாங்கியவரிடமிருந்து பணம் வந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டைல்ஸ் கல் காயாது, வேலையே பாதிதான் நடக்கும். அந்த இரண்டு மாதத் தவணை தவறினால் அதைக் கட்ட மறுபடி மூணு வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் கடன்களில் பாதி இப்படித்தான் கெடுகின்றன என்பது என் எண்ணம். ஆர்டரைப் பார்த்து, 120 நாளில் ஒரே தொகையாகத் திருப்பும்படி கொடுக்க வேண்டும். வாங்குபவர் பாக்கியைக் கடன் கணக்கிலேயே செலுத்தும்படி எழுதி வாங்க வேண்டும். நிறம் சற்று மாறினாலும் சரக்கு திரும்பி வருவது உண்டு, அதனால் மாதிரிக் கல்லில் இரு தரப்பும் கையெழுத்துப் போடாமல் பணம் விடக் கூடாது.

கண்டாங்கிக்கு இந்த வழி பொருந்தாது. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது, முதல் வரவில்லை. நூல் கொடுப்பவரிடம் கூலிக்கு நெய்பவர், கடன் வாங்கிச் சொந்தமாக நூல் போட்டால் லாபம் கூடும், ஆனால் விற்காத சேலையின் பாரமும் அவர் தலையில் ஏறும். அங்கே நிலையான வட்டி ஆபத்து. விற்பனையில் ஒரு பங்கு, உதாரணமாக 6% என்று வைத்து, கொடுத்த தொகை 1.3 மடங்கு ஆனதும் கணக்கை முடித்துக்கொள்ளலாம். விற்பனை சரிந்தால் நமக்கு வருவதும் சரியும். இதைக் கொடைக்காரத்தனம் என்று நினைக்காதே. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில், வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் 1930இல் 6% நிலம்தான் இருந்தது. நெல் விலை விழுந்தது, வட்டி விழவில்லை. 1937க்குள் அது 25% ஆயிற்று. விரும்பி வாங்கிய நிலம் இல்லை, கடன் திரும்பாமல் வந்து சேர்ந்த நிலம். உழுதவரும் இழந்தார், கொடுத்தவரும் கடைசியில் இழந்தார். விலையின் ஆபத்தைக் கடன்பட்டவர் மட்டும் சுமக்கும்படி ஏற்பாடு செய்ததன் விளைவு அது.

இனிச் சட்டம். இதில் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நெசவாளர்களின் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்க முடியுமா என்று கேட்டாய். முடியாது, உற்பத்தி செய்பவர்கள்தான் உறுப்பினராகலாம். நீயே அந்த நிறுவனத்துக்கு நேரடியாகக் கடன் கொடுத்தால், உறுப்பினரோ இயக்குநரோ இல்லாதவரிடம் வாங்கிய வைப்புத்தொகை என்று கம்பெனிச் சட்டம் பார்க்கும், அபராதம் அவர்கள் தலையில் விழும். அறக்கட்டளைக்கு நன்கொடை என்றால் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். இந்தியக் குடிமகன் சிங்கப்பூரில் சம்பாதித்ததை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நீ சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டாய், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் உன் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அவர்கள் அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

எனக்குச் சரியாகப் படும் வழி வேறு. உன் என்ஆர்இ வைப்புத்தொகையை (வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே ரூபாயில் போட்டுவைக்கும் கணக்கு) வங்கியில் ஈடாக வைத்து, பட்டறைக்காரர் பெயரில் ரூபாய்க் கடன் வாங்கித் தரலாம். அதற்காக நீ அவர்களிடம் எந்தப் பிரதிபலனும் வாங்கக் கூடாது, வைப்பின் வட்டி மட்டும் உனக்கு. விவசாயம், மனை முதலீடு, வட்டிக்கு விடுவது ஆகியவற்றுக்கு இந்தக் கடனைப் பயன்படுத்தக் கூடாது. டைல்ஸுக்கும் தறிக்கும் தடை இல்லை. இன்னொரு நன்மை, பட்டறைக்காரரின் பெயரில் வங்கிக் கணக்கு வரலாறு உருவாகும். மூன்று ஆண்டு ஒழுங்காகத் திருப்பினால் நான்காம் ஆண்டு உன் ஈடு இல்லாமலே வங்கி கொடுக்க வாய்ப்பு உண்டு. நாம் விலகிய பிறகும் கடன் கிடைக்கிறதா என்பதைத்தான் நான் பலன் என்பேன்.

சமூகப் பங்குச் சந்தை, அதாவது சமூகப் பணி செய்யும் அமைப்புகள் பணம் திரட்டும் சந்தை, பற்றியும் எழுதியிருந்தாய். 2023 டிசம்பரில் முதல் பட்டியல் நடந்தது. அதில் தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. அது சுத்த மகமை, சுழலும் பணம் இல்லை. பதிவுக்கு மூன்று ஆண்டு வயதும், முந்தைய ஆண்டில் 50 லட்சம் செலவும் வேண்டும் என்பதால் நம் பக்கத்துச் சிறிய அறக்கட்டளைகள் பலவற்றுக்கு எட்டாது. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இனி, பலனை எப்படி அளப்பது. எத்தனை பெண்கள் பயன்பெற்றார்கள் என்ற எண்ணிக்கையைக் கேட்காதே. பயிற்சிக்கு வந்து டீ குடித்தவரும் அதில் சேர்ந்துவிடுவார். பணம் போகும் முன்பே மூன்றைக் குறித்துவைக்கச் சொல்: கார்த்திகை மாத வீட்டு வருமானம், வெளியில் இருக்கும் வட்டிக் கடன், ஆண்டில் வேலை இல்லாத நாட்கள். அடுத்த ஆண்டு அதே கார்த்திகையோடு ஒப்பிட வேண்டும். தை மாதத்தோடு ஒப்பிட்டால் மழை விட்டதன் பலனை நம் பணத்தின் பலன் என்று எண்ணிவிடுவோம். குறிப்பவர் கடன் வசூலிக்கும் ஆளாக இருக்கவும் கூடாது, அவரிடம் யாரும் வெளிக் கடனைச் சொல்ல மாட்டார்கள்.

என் யோசனை இது. 50 லட்சத்தில் 30 லட்சம் வங்கி ஈடாக இருக்கட்டும். தறிகளுக்கு 10 லட்சம், அதை எந்த நிறுவனத்தின் வழியாகக் கொடுப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மீதி 10 லட்சம் திரும்பாத பணம் என்று இப்போதே எழுதிவிடு. கணக்கெழுதும் பையனின் சம்பளம், மாதிரிக் கல், சாயச் சோதனை எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். இந்தச் செலவைக் கடன் வட்டியிலிருந்து எடுக்கப் பார்த்தால் 12% பதினெட்டாகிவிடும்.

பங்காளிகளில் யார் யார் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள் என்று தனித்தனியாக எழுதி அனுப்பு. ஐந்து பட்டறைகளின் இரண்டு ஆண்டு பில் புத்தகங்களை நான் வாங்கிப் பார்க்கிறேன். ஆடிக்குள் தொடங்கினால், மழைக்கு முன் இரண்டு ஆர்டர் முடித்துப் பார்க்கலாம்.

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சேது