சாட்டைக் காற்றில் அணைந்த மெழுகுவத்தி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. ஹாங்காங் கடலோரத்தில் புரூஸ் லீ சிலை, அதற்குப் பக்கத்தில் நீ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. "இவளுக்கு இன்னும் சின்னப்பிள்ளைப் புத்தி போகல" என்று அம்மா சிரித்தாள். எனக்கு என்னவோ அந்தச் சிலையைப் பார்த்ததும் படத்தில் அவரிடம் அடி வாங்கிச் சாகிற கிழவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

'எண்டர் தி டிராகன்' 1973 படம். நம்ம ஊருக்குப் பெட்டி வந்து சேர அதற்கு அப்புறம் எத்தனையோ வருஷம் ஆயிற்று. நான் அப்போது தியேட்டரில் படம் ஓட்டும் கேபினில் எடுபிடி. ஆபரேட்டர் டீ குடிக்கப் போனால் மெஷின் என் பொறுப்பு. ரீல் முடியப்போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மெஷினை ஓட விட வேண்டும். இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். கண்ணாடி அறைச் சண்டையில், கையில் இரும்பு நகம் மாட்டிய வில்லன் எந்தக் கண்ணாடிக்குள் நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருந்ததில் இரண்டு புள்ளியையும் கோட்டை விட்டேன். திரை வெள்ளையாகிவிட்டது. விசிலும் வசவும் கேபின் வரைக்கும் வந்தன. அன்றைய படியும் போச்சு.

அந்த வில்லன் பெயர் ஷெக் கின். போன மாதம் நீ வாங்கித் தந்த டேப்லெட்டில் பழைய ஹாங்காங் படங்களைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அதே முகம், முப்பத்தாறு வயசில்! 1949-இல் வந்த கருப்பு வெள்ளைப் படம். வூ பாங் இயக்கியது. வோங் ஃபெய்-ஹுங் என்கிற குங்ஃபூ ஆசானின் கதை. எதிரில் வோங்காக நிற்பவர் குவான் தக்-ஹிங், தெற்குச் சீனாவின் கான்டனீஸ் நாடக மேடையிலிருந்து வந்தவர். அவர் சாட்டையை வீசினால் அந்தக் காற்றிலேயே மெழுகுவத்தி அணைந்துவிடும். முதல் பாகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

இன்றைய கண்ணுக்குப் படம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஒளிப்பதிவும் சுமார். ஆனால் அதற்கு முந்திய சண்டைப் படங்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தால் இதன் அருமை புரியும். 1928-இல் ஷாங்காயில் 'செந்தாமரைக் கோயில் எரிந்த கதை' வந்து சக்கைப்போடு போட்டதிலிருந்து ஆள் கம்பியில் பறப்பான், கத்தி தானாகப் பறக்கும், உள்ளங்கையிலிருந்து கிளம்பும் ஒளிக்கீற்றை ஃபிலிமிலேயே வரைந்து வைப்பார்கள். நம்ம மாயாஜாலப் படம் மாதிரி என்று வைத்துக்கொள். 1949-இல் இவர்கள் தரையில் நின்று, தெற்குச் சீனாவில் நிஜமாகவே பழகுகிற அடிமுறையைக் காட்டினார்கள்.

வோங் ஃபெய்-ஹுங் நிஜ ஆள். 1847-இல் ஃபோஷானில் பிறந்து 1925-இல் கான்டனில் இறந்தவர். வைத்தியசாலையும் நடத்தினார். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான் மாதிரி, அடிக்கத் தெரிந்தவருக்கே எலும்பைச் சேர்த்துக் கட்டவும் தெரியும். படத்து வோங் முதலில் கை ஓங்க மாட்டார். எதிரிக்கு அறிவுரை சொல்லிப் பார்ப்பார், சில சமயம் நமக்குக் கொட்டாவி வரும் அளவுக்கு. அப்புறம் வந்த படங்களில் பொறுமையாக இருக்கிற குரு, அவசரக்கார சீடன், சிங்க ஆட்டம், சொல்லிக்கொடுத்த அடியின் பெயர் என்று நீ பார்ப்பதெல்லாம் இந்த வோங் படவரிசையில் ஊறியவைதான். குவான் 70 படங்களுக்கு மேல் இதே வேஷம் கட்டினார். 1956-இல் மட்டும் 25! நம்ம ஆட்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம் வேறே. வோங்கின் சீடர் லாம் சாய்-விங். அவருடைய சீடர் லாவ் சாம் இந்தப் படங்களில் நடித்தார். லாவ் சாமின் பையன் லாவ் கர்-லியுங் அதே செட்டில் துணை நடிகனாக நின்று, சண்டை அமைக்கக் கற்று, 1978-இல் 'ஷாவோலினின் 36-ஆவது அறை'யை இயக்கினார். தண்ணீர் சுமப்பதையும் தலையால் மணல் மூட்டையை முட்டுவதையும் வைத்தே பாதிப் படத்தை ஓட்டிய படம் அது. இந்த வரிசைக்குச் சண்டை அமைத்த இன்னொருவர் யுவன் சியு-தின். ஜாக்கி சான் இளவயது வோங்காக நடித்த 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் அந்தக் குடிகாரக் கிழட்டு குரு இவர்தான். இயக்கியது அவர் பையன் யுவன் வூ-பிங். 1999-இல் 'மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பையன்தான். நீயும் உன் சிநேகிதியும் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தீர்கள்! செட்டில் அப்பன் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது அங்கே வரைக்கும் போய்விட்டது.

நீயும் கேபினில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். அஞ்சு வயசு. கதை உனக்குப் புரியாது. மூலையையே பார்த்துக்கொண்டிருந்து "அப்பா, புள்ளி!" என்று கத்துவாய். நீ இருந்த நாட்களில் ஒரு ரீல்கூட நான் தவறவிட்டதில்லை. இப்போது புள்ளியும் இல்லை, ரீலும் இல்லை, மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி வைத்திருந்த டப்பாவில் அம்மா கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். அங்கே சாய் வான் ஹோவில் ஹாங்காங் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய படம் திரையிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய், குவான் தக்-ஹிங் படம் ஏதாவது போடுகிறார்களா என்று கேள். ஃபிலிமிலேயே ஓட்டினார்கள் என்றால் சண்டையைக் கொஞ்சம் விட்டுவிட்டு வலது மேல் மூலையைப் பார். புள்ளி வந்ததா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா