இரவில் கைப்பேசியை அணைக்கச் சொல்லும் புலனச் செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'சூரியப் புயல் வருகிறது, இன்றிரவு கைப்பேசியை அணைத்துத் தள்ளி வையுங்கள்' என்ற புலனச் (வாட்ஸ்அப்) செய்தி எங்கள் தோட்டப்புறத்தில் மறுபடியும் சுற்றுகிறது. பந்திங்கில் நெடுங்காலம் ரேடியோ ரிப்பேர் செய்தவன் என்பதால் பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி பயந்துபோய் அணைத்துவிட்டார். மகன் இரவெல்லாம் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சூரியன் திடீரென ரேடியோ அலைகளை வீசுவது உண்மைதான். கரும்புள்ளிகளுக்கு மேலே முறுக்கேறிய காந்தப்புலம் அறுந்து மறுபடி இணையும்போது, எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்கூடப் பாயும். வழியிலுள்ள பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, அதனால் அதிர்ந்து ரேடியோ அலையை எழுப்புகிறது. பிளாஸ்மா அடர்த்தியாக இருந்தால் அதிர்வெண் அதிகம், மெலிந்தால் குறைவு. வெளியே போகப் போக அடர்த்தி குறைவதால், நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் இரைச்சல் சில விநாடிகளில் குறைந்த அதிர்வெண்ணுக்குச் சரிந்துவிடும். இதை மூன்றாம் வகை ரேடியோ வெடிப்பு என்கிறார்கள். இரண்டாம் வகை பல நிமிடம் நிதானமாக இறங்கும். சூரியனிலிருந்து கிளம்பும் பொருள்திரளுக்கு முன்னே ஓடும் அதிர்ச்சி அலைதான் அதற்குக் காரணம். சரியும் வேகத்தை வைத்தே அங்கே ஓடுவது எது என்று சொல்லிவிட முடிவது, ரேடியோவோடு வாழ்ந்த எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

சரி, ஆபத்து? இந்த அலைகள் எட்டு நிமிடத்தில் வந்துவிடும், அதுவும் பகலாக இருக்கும் பக்கத்துக்கு மட்டும். இரவில் நமக்கும் சூரியனுக்கும் நடுவே பூமியே நிற்கிறது. பொருள்திரள் வந்து சேர ஒன்று முதல் மூன்று நாளாகலாம். அதுவும் கையிலுள்ள போனைக் கெடுக்காது. ரேடியோ அலைகளால் தடுமாறுவது ரேடார் போன்ற கருவிகள். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ரேடார்களில் எழுந்த இரைச்சலை ஜெர்மானியரின் வேலை என்று நினைத்தார்கள். அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வருவதை ஹே என்பவர் கண்டுபிடித்தார். 2015 நவம்பர் 4 அன்று சுவீடனில் விமானப் போக்குவரத்து ரேடார்கள் குழம்பியபோதும் அங்கே சூரியன் மறையவில்லை, அடிவானத்தருகே தாழ்ந்திருந்தது.

இந்த வெடிப்புகளைப் பதிவுசெய்ய, 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் காலிஸ்டோ கருவியை எங்கள் பந்திங்கிலுள்ள தேசிய விண்வெளி மையத்திலேயே நிறுவினார்கள். அக்கம்பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தங்கள் நாளிதழ் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அடுத்த முறை சூரியப் புயல் செய்தி போடும்போது, வெடிப்பு நடந்த நேரம் மலேசியாவில் பகலா இரவா என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்திங், சிலாங்கூர்