மரக்கற்றாழை வைப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

உன் பாலைவன வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி மரக்கற்றாழை வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். மரத்தை மாற்ற வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றிக்கொள். பகல் முழுக்க வெயில் வாங்கிய சுவர் இரவெல்லாம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பாலை வெயிலைத் தாங்கும் கற்றாழைக்கு ஆறாத இரவுதான் ஆகாது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். கற்றாழை இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் துளைகள் சரியாகத் திறக்காது. மடலில் சேர்த்து வைத்த நீரை வைத்துக்கொண்டு செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், வேரும் தண்ணீரை அதிகம் இழுக்காது. அப்போது நீ ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக வேரைச் சுற்றி நிற்கும். வேரழுகல் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கோடையில் மடல் சிவப்பதும் உள்பக்கமாகச் சுருண்டு மடிவதும் நோயல்ல. அதைப் பார்த்துப் பதறித் தினமும் தண்ணீர் விடுவதால் சாகிற செடிகள்தான் அதிகம்.

அதனால் கிழக்குப் பக்கம் பார். காலை வெயில் முழுதாக விழ வேண்டும், பிற்பகலில் நிழல் வர வேண்டும். அடுப்புப் போலக் கொதிக்கும் தரைக்கல் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் நல்லது.

எந்த மரம் என்று கேட்டிருந்தாய். முதல் மரத்துக்கு 'ஹெர்குலிஸ்' என்ற கலப்பினத்தையே வாங்கு. அலோயிடெண்ட்ரான் பார்பரேயும் டைகோடமமும் கலந்தது அது. (2013-இல்தான் இந்தப் பெரிய மரவகைகளை அலோ என்ற கற்றாழைப் பேரினத்திலிருந்து பிரித்து அலோயிடெண்ட்ரான் என்று தனிப்பெயர் வைத்தார்கள். பழைய பெயர்ச்சீட்டில் அலோ என்றே இருந்தாலும் குழம்பாதே.) பார்பரே தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காட்டு மரம். 15 மீட்டருக்கு மேலும் போகும், வேகமாக வளரும், ஆனால் வறண்ட காற்றில் மடல் நுனி கருகும். டைகோடமம் நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் பாறைச் சரிவில் வளர்வது. சான் பழங்குடி மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் அம்பறாத்தூணி செய்ததால் அதற்கு அம்பறாத்தூணி மரம் என்றே பெயர். கிளைமேல் படியும் வெள்ளைப் பொடி வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் சூடான மண்ணில் ஈரம் தங்கினால் மளமளவென்று அழுகும், வளர்ச்சியும் மிக மெதுவு. கலப்பினத்துக்கு ஒரு பக்கத்து வேகமும் மறுபக்கத்து உறுதியும் வந்திருக்கிறது.

கிளை விடாமல் ஒற்றைத் தண்டாக நிற்பது பிடித்தால் அலோ ஃபெராக்ஸ், அலோ மார்லோத்தி என்ற இரண்டு வகையும் பாலைக்குப் பழகும். அவற்றின் தண்டில் காய்ந்து தொங்கும் மடல்களை அசிங்கம் என்று வெட்டிவிடாதே. தண்டுக்கு வெயில் படாமல் காக்கும் போர்வை அது. உரித்துவிட்டால் தண்டு வெந்துபோகும்.

நடுவதற்கு இலையுதிர்காலம்தான் சரி. இரவு 25 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார். வேர் பிடிக்கக் குளிர்காலம் முழுதும் கையில் இருக்கும். வசந்தத்தின் கடைசியில் வைத்தால் வேர் ஓடுமுன் கோடை வந்துவிடும். 15 அல்லது 20 லிட்டர் தொட்டிக் கன்று போதும், பெரிய பெட்டிச் செடி வாங்காதே. சிறியது சீக்கிரம் ஊன்றிக்கொள்ளும். வாங்கும்போதே நண்பகல் வெயில் பட்டுவந்த பக்கத்தில் ஒரு நூல் கட்டி வை. அதே பக்கம் அதே திசை பார்க்க நட வேண்டும். பழகாத பக்கத்தைத் திருப்பி வைத்தால் ஒரு வாரத்தில் மடல் வெளுத்துத் தழும்பு விழும், அந்தத் தழும்பு ஆறாது.

மண்தான் பெரிய வேலை. பாலைத் தரையில் முக்கால் அடிக்குக் கீழேயே சுக்கான்பாறை இருக்கலாம். 60 செ.மீ. ஆழம் தோண்டித் தண்ணீர் நிரப்பி, முழுதும் வடிந்தபின் மறுபடி நிரப்பு. இரண்டாவது முறை மணிக்கு 3 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் கடப்பாரையால் பாறையைத் துளைத்துக் கீழே வழி விட வேண்டும். துளைக்க முடியாவிட்டால் மேடு போடு: ஒன்றரை மீட்டர் அகலம், 30 முதல் 45 செ.மீ. உயரம். பாதி அந்த ஊர் மண், பாதி 5 முதல் 10 மி.மீ. சல்லி அல்லது எரிமலைக்கல். மெல்லிய மணல் கூடாது, களிமண்ணோடு சேர்ந்து சிமெண்டு போல இறுகிவிடும். தொழுவுரமும் வேண்டாம், மக்கும்போது மண் தாழ்ந்து தூர் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். தொட்டியில் இருந்த ஆழத்துக்கு மேல் தண்டு ஒரு விரல்கூடப் புதையக் கூடாது. சுவரிலிருந்து 4 மீட்டராவது தள்ளி வை, அடி பருத்துப் போகும் மரம்.

வேர் அறுந்திருந்தால் நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் விடாதே, காயம் காயட்டும். பிறகு குளிர்மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 செ.மீ. ஆழம் நனையும்படி. முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, விடியுமுன், மண் குளிர்ந்திருக்கும்போது. நாள் கணக்கைவிட ஒரு கம்பியை நம்பு. ஒரு சாண் ஆழம் குத்தி இழுத்துப் பார், ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். மடல் தளர்ந்தும் மண் ஈரமாக இருந்தால் அது தாகமல்ல, அழுகல். தூரை அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். கிளைக்கும் வகையாக இருந்தால் மேலே சுத்தமான சதை வரும்வரை வெட்டி, வெட்டு முகத்தை மூன்று வாரம் நிழலில் காயவிட்டுப் போத்தாக ஊன்றலாம். ஒற்றைத் தண்டு வகைக்கு அந்த வழி பெரும்பாலும் கைகொடுக்காது, புதுக் கன்றுதான்.

சொட்டுநீர்க் குழாயைத் தண்டில் படவிடாதே. அரை மீட்டர் தள்ளி இரண்டு மூன்று இடத்தில் வை, கிளை விரிய விரிய வெளியே நகர்த்து. உப்புத் தண்ணீராக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை, குளிர்ந்த நாளில், மூன்று மடங்கு ஊற்றி உப்பைக் கீழே கழுவிவிடு. நுனிக் கருகல் உப்பாலும் வரும்.

முதல் இரண்டு கோடைக்கும் 40 சதவீத நிழல்வலையை மேற்குப் பக்கம் கட்டு. குளிரில் உறைபனி வந்தால் குருத்தைப் பழைய துணியால் மூடு, பிளாஸ்டிக் கூடாது. ஒற்றைத் தண்டில் குருத்து செத்தால் மரமே போயிற்று.

பூங்காம்பிலும் மடலிடுக்கிலும் காலிஃபிளவர் போலக் கரடுமுரடாகக் கட்டி கிளம்பினால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. நல்ல பகுதி வரை வெட்டியெடுத்துக் குப்பையில் கட்டிப் போடு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடை. கந்தகம் தெளிப்பதானால் 32 டிகிரிக்கு மேல் தெளிக்காதே, மடலை எரித்துவிடும்.

கன்று வாங்குமுன் அந்தக் குழிச் சோதனையைச் செய்துவிட்டு, தண்ணீர் வடிய எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதும்மா. மேடு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா