மாத்திரை எண்ணியவர்களுக்கு

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் அக்காவுக்கும், தாம்பரத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்த ஐயாவுக்கும்,

அக்கா, 2005-இல் ஐந்து மாத வயிற்றோடு உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தேன். எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லிவிட்டு நீங்கள் வெகுநேரம் பேசவே இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று கேட்காத முதல் ஆள் நீங்கள்தான். பிறகு உறவினர்கள் எல்லோரும் அதை மட்டுமே கேட்டார்கள்.

கிருமி குழந்தைக்குத் தொற்றாமலிருக்க, பிரசவ வலி எடுத்ததும் எனக்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்ததும் மகனுக்கு அதே மருந்து வாய்வழியாகச் சில துளிகள். அன்று கிடைத்தது அவ்வளவுதான். பதினெட்டாம் மாதம் அவன் ரத்தத்தைச் சோதிக்கும்வரை நான் நாள்களை எண்ணினேன், நீங்களும் எண்ணினீர்கள். கிருமி இல்லை என்ற தாளை என் கையில் தருமுன் நீங்களே இரண்டு முறை படித்துப் பார்த்தது நினைவிருக்கிறதா?

ஐயா, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் 2004 ஏப்ரலிலேயே எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து தொடங்கிவிட்டது. எனக்கு 2007-இல்தான் தேவைப்பட்டது, நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 180-க்கு இறங்கியிருந்தன. மாதம் ஒரு முறை விடியற்காலை ரயிலில் வருவேன். நீங்கள் முதலில் பழைய பாட்டிலைக் கவிழ்த்து மிச்சத்தை எண்ணுவீர்கள். திருடியைச் சோதிப்பதுபோல் இருக்கிறதே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒருமுறை ஒன்பது மாத்திரை கூடுதலாக இருந்தது. திருவிழாவுக்குப் போனேன் என்று பொய் சொன்னேன். கால் எரிகிறதா என்று மட்டும் கேட்டீர்கள். எரிந்தது, கன்னமும் ஒட்டிப்போயிருந்தது. அதற்குக் காரணமான ஸ்டாவுடின் மருந்தை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போனீர்கள்.

பல் பிடுங்கப் போன ஒரு தனியார் மருத்துவமனையில் என் பச்சை நிற சிகிச்சை அட்டையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துபோகச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். அப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 2017-இல் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனக்குத்தான் அது தாமதம்.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று அறிய, 1986-இல் சென்னையில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து, சோதனைக்காக வேலூருக்கு எடுத்துச் சென்ற மருத்துவ மாணவி நிர்மலாவுக்கு. அவரை அந்த ஆய்வில் இறக்கிய டாக்டர் சுனிதி சாலமனுக்கு. அவர்களைப் பற்றி எழுதுகிறார்கள், நல்லது. ஆனால் அன்று பாதிப்பு உறுதியான ஆறு பெண்கள் காப்பகத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு மருந்தே இல்லை. என் நன்றியில் பாதி அவர்களுக்கு.

இப்போது இரவில் ஒரே ஒரு மாத்திரை. டொலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து சேர்ந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. மகன் கல்லூரிக்குப் போகிறான். நான் மறந்தால் அவன்தான் நினைவூட்டுகிறான்.

இந்த மாதம் பாட்டிலில் மிச்சம் இரண்டு. கணக்கு சரிதான் ஐயா, எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
பழைய பச்சை அட்டைக்காரி