கார்டியோ மூலையை ஒருக்கா பாருங்கோ: திருகோணமலை ஜிம்காரருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை டவுன், உவர்மலை, உப்புவெளி, லிங்கநகர், அன்புவழிபுரம் எண்டு எல்லா இடமும் ஜிம் நடத்துற அண்ணாமார், தம்பிமார், அங்க ட்ரெயினரா நிக்கிற பிள்ளையள் எல்லாருக்கும் வணக்கம்.

எந்த ஒரு ஜிம்மையும் குறிச்சு நான் இதை எழுதேல்ல, போய்ப் பாத்த இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். வெயிட் அடிக்கிற பக்கம் நீங்கள் நல்லாத்தான் செய்யிறீங்கள். ஒரு பெடியன் பென்ச்சில படுத்தா ஓடிவந்து பாரைப் பிடிக்கிறீங்கள், முதுகு வளைஞ்சா திருத்துறீங்கள், திங்கள் நெஞ்சு செவ்வாய் முதுகு எண்டு அட்டையில எழுதிக் குடுக்கிறீங்கள். ஆனா ட்ரெட்மில்லில ஏறின ஆளுக்கு "அரை மணித்தியாலம் நடவுங்கோ" எண்டு சொல்லி பட்டனை அமத்திவிட்டா உங்கட வேலை முடிஞ்சுது. அந்த அரை மணித்தியாலத்தை, கார்டியோ எண்டு நீங்கள் சொல்லுற அந்த நடை, சைக்கிள் பயிற்சியைப் பற்றித்தான் கதைக்கப்போறன்.

அந்த மெஷினில ஏறுறது ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. முக்கால்வாசிப் பேர் கிளினிக்கில சீனி கூட, பிரஷர் கூட, கொலஸ்ட்ரோல் கூட, கட்டாயம் நடக்கவேணும் எண்டு சொல்லிவிட்ட ஆக்கள். அட்மிஷன் காசு கட்டி, புதுசா சப்பாத்து வாங்கி, கூச்சத்தை விட்டுட்டு உள்ளுக்கு வருகினம், ரெண்டு மூண்டு கிழமை வருகினம், பிறகு ஆளைக் காணேல்ல. கேட்டா "சனத்துக்குச் சோம்பல் அக்கா" எண்டு சொல்லுறீங்கள். அதை நான் ஏற்கமாட்டன். விடிய நாலரைக்கு எழும்பி வீட்டில எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக் குடுத்து, வேலைக்கும் போய்வந்து, அதுக்குப் பிறகும் உங்கட படியேறி வாற மனிசியைச் சோம்பேறி எண்டு எப்பிடிச் சொல்ல ஏலும்? அவவுக்கு அலுப்படிச்சிட்டுது. அலுப்படிக்கிற மாதிரித்தான் அந்த மூலையை வைச்சிருக்கிறீங்கள், அதை மாத்துறது உங்கட கையிலதான் இருக்கு.

கடற்கரை பக்கத்திலதானே, வெளியில போய் நடக்கட்டுமே எண்டு சிலபேர் சொல்லுவினம். டச்சுக்குடாவில விடிய நடக்கிற சுகத்துக்கு எந்த மெஷினும் ஈடில்ல, அது எனக்கும் தெரியும். ஆனா கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காலமை எட்டு மணிக்கே முகம் எரியுது, ஐப்பசி கார்த்திகையில மழை விடாது, வேலை முடிஞ்சு வர இருட்டிடும், இருட்டினா தெருநாய், பொம்பிளையள் தனிய நடக்கிற அந்தரம் வேற, முழங்கால் நோ உள்ள ஆக்களுக்கு மணலும் சரிவராது. அவையளுக்கு உங்கட மெஷின்தான் ஒரே வழி. உலக சுகாதார ஸ்தாபனம் வளந்த ஆக்களுக்குச் சொல்லுற கணக்கு, நடுத்தர வேகத்தில கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம். கிழமைக்கு அஞ்சு நாள் எண்டு பாத்தாலும் ஒரு நாளைக்குக் குறைஞ்சது அரை மணித்தியாலம், அதுவும் ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, காலம் முழுக்க. சுவரைப் பாத்துக்கொண்டு அதைச் செய் எண்டா ஆர் செய்வினம்?

முதல் வேண்டுகோள் அந்தச் சுவர்தான். கூடுதலான இடங்களில ட்ரெட்மில்லைச் சுவருக்கு முகம் வைச்சுப் போட்டிருக்கிறீங்கள், பிளக் பொயின்ட் அங்க இருக்கெண்டு. திருப்பி வையுங்கோ, வயரை ஆக்கள் காலில தட்டுப்படாத மாதிரி ஓரத்தால எடுங்கோ, மெஷினுக்குப் பின்பக்கம் நல்லா இடம் விடுங்கோ, ஆள் வழுக்கினா பின்னால சுவரில போய் அடிபடக்கூடாது. ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தா அதுக்கு முன்னால ரெண்டு மெஷின் எண்டாலும் போடுங்கோ. திருகோணமலை ரோட்டில பாக்க ஏதும் இல்லாம இருக்குமோ, மானே வந்து நடு ரோட்டில நிக்கிற ஊர் இது.

அடுத்ததுதான் எனக்குப் பெரிசாப் படுற விசயம். அரை மணித்தியாலமும் ஒரே ஸ்பீட், ஒரே உயரம், ஒண்டும் மாறாது, அப்ப கண் நேர மணிக்கூட்டுக்குத்தான் போகும். நெஞ்சுநோ எண்டு போனா டொக்டர்மார் மெஷினில ஓடவிட்டு ஈசிஜி எடுப்பினம் தெரியும்தானே, ஈடிடி எண்டு சொல்லுவினம். அதில கூடுதலாப் பாவிக்கிற முறையை 1960களில ரொபர்ட் புரூஸ் எண்ட அமெரிக்க இருதய டொக்டர் ஒழுங்குபடுத்தினவர். மணிக்கு 2.7 கிலோமீற்றர், 10 வீத ஏற்றத்தில தொடங்கும், மூண்டு நிமிசம் போக 4 கிலோமீற்றர், 12 வீத ஏற்றம், இன்னும் மூண்டு நிமிசம் போக ரெண்டும் திரும்பக் கூடும், இப்பிடியே போகும். அதில நிண்ட ஆரும் அலுப்படிச்சது எண்டு சொல்லி நான் கேள்விப்படேல்ல. பயமும் ஒரு காரணம்தான், ஆனா மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா எல்லாம் மாறேக்க அடுத்தது என்ன எண்டுதான் மனம் பாக்கும், முடிய எவ்வளவு நேரம் எண்டு பாக்காது. அந்த டெஸ்டை ஜிம்மில செய்யச் சொல்லேல்ல, அது டொக்டர் பக்கத்தில நிண்டு செய்யிறது. மூண்டு நிமிசத்துக்கு ஒரு மாத்தம் எண்ட அந்த யோசனையை மட்டும் எடுங்கோ. நீங்கள் குடுக்கிற அட்டையில கார்டியோவுக்கும் நாலு வரி எழுதுங்கோ: மூண்டு நிமிசம் சமதரையில, மூண்டு நிமிசம் ஏற்றத்தை ரெண்டால கூட்டி, மூண்டு நிமிசம் ஏற்றத்தை இறக்கி ஸ்பீட்டைக் கூட்டி, பிறகு மூண்டு நிமிசம் ஆறுதலா. அதை ரெண்டு சுத்து செய்தா 24 நிமிசம் போயிடும், கடைசியில மெல்ல நடந்து இறங்கச் சொல்லுங்கோ.

எங்கட ஊர் அளவுகளை வைச்சும் இதைச் செய்யலாம். 2009 இல திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். ட்ரெட்மில்லில மணிக்கு 6 கிலோமீற்றர் போட்டா நிமிசத்துக்கு 100 மீற்றர் வரும், அப்ப பாலத்தைக் கடக்க கிட்டத்தட்ட 4 நிமிசம். "அக்கா, இண்டைக்கு பாலம் மூண்டு தரம் கடப்பம், ஒவ்வொருக்காலும் கடந்துபோட்டு ரெண்டு நிமிசம் மெல்ல நடப்பம்" எண்டு சொல்லிப் பாருங்கோ, அதுக்கும் "18 நிமிசம் நடவுங்கோ" எண்டு சொல்லுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு உங்களுக்கே விளங்கும். 6 கஷ்டமான ஆள் 5 இல போகட்டும், பாலத்துக்கு அஞ்சு நிமிசத்துக்குக் கொஞ்சம் கிட்ட எடுக்கும், பரவாயில்ல. சுவரில ஒரு ரோட்டுப் படமும் கீறி ஒட்டலாம், திருகோணமலையில இருந்து நிலாவெளி ஒரு 15 கிலோமீற்றர், குச்சவெளி 30ஐத் தாண்டும், அங்கால புல்மோட்டை. ஒவ்வொருத்தரும் அண்டைக்கு நடந்த தூரத்துக்கு, படத்தில குத்தின தங்கட பின்னை நகர்த்தட்டும். நிலாவெளி தாண்டின ஆள் குச்சவெளி போகாம விடமாட்டார்.

கிரிக்கெட் நடக்கிற நாளில டிவிக்கு முன்னால சைக்கிளைப் போட்டா இன்னும் லேசு. டி20 இல ஒரு இன்னிங்ஸ் 20 ஓவரை 85 நிமிசத்துக்குள்ள போட்டு முடிக்கவேணும் எண்டது விதி, அப்ப ஒரு ஓவருக்கு நாலு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல. ஓவர் நடக்கேக்க ரெசிஸ்டன்ஸைக் கூட்டி மிதிக்கிறது, ஓவர் முடிஞ்சு பீல்டர்மார் இடம் மாறேக்க குறைச்சு மூச்சு விடுறது. விக்கெட் விழுந்தா அடுத்த ஆள் வாறவரைக்கும் எழும்பி நிண்டு மிதிக்கவேணும் எண்டு ஒரு சட்டம் போடுங்கோ, ஒரு வரிசைச் சைக்கிளும் ஒண்டா எழும்பும். எட்டு ஓவர் பாத்தாக் காணும், அரை மணித்தியாலம் தாண்டிடும்.

டிவி எண்டவுடன இன்னொண்டு. கன ஜிம்களில டிவியில சத்தம் இல்லாம நியூஸ் ஓடும், ஸ்பீக்கரில வெயிட் அடிக்கிற பெடியளுக்கு ஏத்த குத்துப்பாட்டு காது கிழிய அடிக்கும். வேகமா நடக்கிற ஆள் நிமிசத்துக்கு 110, 120 அடி வைப்பார், தாளமும் அந்தளவில இருந்தா கால் தானா அதோட போகும், நடக்கிறது கஷ்டமாத் தெரியாது. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில கொஸ்தாஸ் கராஜோர்கிஸ் எண்டவர் கனகாலமா இதைப்பற்றி ஆராய்ச்சி செய்தவர், மெல்ல அல்லது நடுத்தர வேகத்தில செய்யேக்க பாட்டு களைப்பைக் குறைவாக் காட்டும், மூச்சு இரைக்கிற அளவுக்குப் போனா அந்தளவுக்கு உதவாது எண்டதுதான் அதில தெரியவந்தது. அப்ப பாட்டு கூடுதலா உதவுறது மெஷினில நடக்கிற ஆக்களுக்குத்தான், ஆனா பாட்டைத் தெரிவு செய்யிறதில அவையளை ஆரும் கேக்கிறதில்ல. காலமை வாற ஐயாமார் பக்திப்பாட்டு கேட்டா போட்டுவிடுங்கோ, பின்னேரம் வாற அக்காமார் பழைய பாட்டு கேட்டா அதைப் போடுங்கோ. பெடியளுக்கு ஹெட்செட் இருக்கு.

லேடீஸ் டைமில நான் கண்டது ஒண்டு சொல்லவேணும். ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்து ட்ரெட்மில்லில நிண்டு மகன்ர ஓ எல் டியூஷன், மீன் விலை, கலியாண வீட்டுச் சாறி எண்டு கதைச்சுக்கொண்டு நடந்தவை, மெஷின் தானா நிண்டபிறகுதான் நேரம் முடிஞ்சது அவையளுக்குத் தெரியும், திரும்ப அமத்தி இன்னும் பத்து நிமிசம் நடந்தவை. பிறகு ஒரு மெஷின் பழுதாகி ஒராள் மற்றக் கரைக்குப் போகவேண்டி வந்தது, அந்தக் கிழமையே மனிசி துவாயை எடுத்து டிஸ்பிளேக்கு மேல போட்டுட்டு நடக்குது, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா துவாயின்ர நுனியைத் தூக்கிப் பாக்குது. மாசம் முடிய வரேல்ல. அங்க நிண்ட ட்ரெயினர் பிள்ளை "கதைக்காம நடவுங்கோ" எண்டு அவையளை முதல் ஏசினதும் எனக்குத் தெரியும், அது பிழையான சொல். கதைக்க ஏலும், ஆனா பாட்டுப் பாட ஏலாது எண்ட அளவில மூச்சு இருந்தா அதுதான் நடுத்தர வேகம், உலகம் முழுக்கச் சொல்லுற அடையாளம் அது. கதைச்சுக்கொண்டு நடக்கிறவை சரியான வேகத்திலதான் நடக்கினம். ஆக்களைச் சோடி சேத்து விடுங்கோ, மெஷின் பழுதானா கெதியாத் திருத்துங்கோ.

தனிய வாற ஆளுக்கு இன்னொரு வழி இருக்கு. அமெரிக்காவில பென்சில்வேனியா பல்கலைக்கழகக்காரர் செய்து 2014 இல வெளிவந்த ஒரு ஆய்வில, விறுவிறுப்பான கதைகளை வாசிச்சுப் பதிஞ்ச ஒலிப்புத்தகங்களைக் குடுத்து, ஒரு பகுதி ஆக்களுக்கு அதை ஜிம்மில மட்டும்தான் கேக்கலாம் எண்டு விட்டவை. தொடக்கத்தில அவை, ஒலிப்புத்தகம் குடுக்காத ஆக்களை விட 51 வீதம் கூடத்தரம் ஜிம்முக்கு வந்தினம். இங்க பின்னேர நாடகம் ஒண்டையும் விடாம பாக்கிற ஆக்கள் எவ்வளவு பேர். இந்த நாடகத்தை இனிச் சைக்கிளில இருந்து மட்டும்தான் பாக்கிறது எண்டு ஒரு ஒப்பந்தம் போடச் சொல்லுங்கோ, உங்கட வைபையை அதுக்குக் குடுங்கோ. சைக்கிளில மட்டும்தான், ட்ரெட்மில்லில போனைக் கையில பிடிச்சுக்கொண்டு நடக்கவிடாதீங்கோ, விழுந்தா முகம் போயிடும், ஆள் விழுந்தா மெஷினை நிப்பாட்டுற அந்தச் சிவப்புக் கயிறு கிளிப்பை உடுப்பில கொழுவச் சொல்லி முதல் நாளே பழக்குங்கோ. அதே ஆய்வில இன்னொண்டும் கண்டவை, நவம்பர் விடுமுறை ஒண்டு வந்து போனபிறகு அந்த வித்தியாசம் குறைஞ்சு போச்சு. எங்களுக்கும் அப்பிடித்தான். பொங்கல், சித்திரை வருசம், நோன்பு, கோயில் திருவிழா எண்டு ஒரு இடைவெளி விழுந்தா ஆள் திரும்ப வராது. அந்தக் கிழமை போன் எடுத்து "எப்ப அக்கா வாறீங்கள்" எண்டு ஒருக்கா கேளுங்கோ. காசு கட்டேல்ல எண்டு எடுக்கிற போன் வேற, இது வேற.

இருந்துகொண்டு துடுப்பு வலிக்கிற மாதிரி இழுக்கிற ரோயிங் மெஷின் உள்ள இடங்களில அது தூசி பிடிச்சுத்தான் கிடக்கு. தோணி வலிக்கிற ஊரில அதுக்கு ஆள் இல்லாம இல்ல, பழக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. பக்கத்தில இருக்கிற, இழுவையைக் கூட்டிக் குறைக்கிற நெம்பை 10 இல தள்ளிவிட்டு கையாலயே இழுத்தா அஞ்சு நிமிசத்தில இடுப்பு பிடிக்கும், ஆர் திரும்ப ஏறுவினம்? 3க்கும் 5க்கும் இடையில விடுங்கோ, முதல் கால் தள்ளவேணும், பிறகு முதுகு, கடைசியா கை, திரும்பிப் போகேக்க கை, முதுகு, கால். இதைப் பழக்க பத்து நிமிசம் காணும். பழகினபிறகு ட்ரெட்மில்லில பத்து, சைக்கிளில பத்து, இதில பத்து எண்டு மாத்தி மாத்தி செய்ய விடுங்கோ, ஒரே மெஷினில நிண்டு காயத் தேவையில்ல.

சீனி வருத்தத்துக்கு ஊசி, மருந்து எடுக்கிற ஆக்களுக்குச் சீனி திடீரெண்டு குறைஞ்சா வாயில போட ஒரு டப்பாவில ரொபி எண்டாலும் மேசையில வையுங்கோ, நெஞ்சு இறுக்கினா, தலை சுத்தினா உடன நிப்பாட்டச் சொல்லுங்கோ. முன்னம் நெஞ்சு வருத்தம் வந்த ஆளை டொக்டர் ஓம் எண்டு சொல்லாம ஏற்றம், ஸ்பீட் ஒண்டும் கூட்டவிடாதீங்கோ.

இதில காசு போற வேலை பெரிசா ஒண்டும் இல்ல. மெஷினைத் திருப்ப நாலு பெடியள் காணும், அவையள் அங்கதான் நிக்கினம். அட்டையில நாலு வரி எழுதுறது ட்ரெயினர்மாற்ற வேலை. ரோட்டுப் படத்துக்கு சார்ட் பேப்பர், மார்க்கர், பின் எல்லாம் நான் வாங்கித் தாறன், கீறியும் தாறன், எந்த ஜிம் முதல் கேக்குதோ அங்க முதல் கொண்டுவாறன். வாற மாசம் ஆக்கள் காசு கட்ட வாறதுக்கு முன்னம் அந்த ட்ரெட்மில்லை மட்டும் எண்டாலும் திருப்பி வைச்சுவிடுங்கோ.

இப்படிக்கு,
பின்னேரத்தில மெஷினில நடக்க வாற ஒரு அக்கா,
உவர்மலை, திருகோணமலை.